விடை தெரிந்த புதிர்

ரயில்வே உத்தியோகத்தின் நிமித்தம் தந்தையார் பிலிப்பைன்ஸ் தேசத்துக்குச் சென்றபோது குடும்பத்துடன் சென்ற சென்னைச் சிறுவன் விசுவநாதன் ஆனந்துக்கு, மணிலா நகரத்துத் தொலைக்காட்சியில் அக்காலத்தில் ஒளிபரப்பாகி வந்த சதுரங்க நிகழ்ச்சி பள்ளிக்கூட வேளையில் வந்தமையால் காணக் கிட்டவில்லை. அதனால் அவருடைய தாயார் சுசீலா அம்மையார் அந்நிகழ்ச்சியில் காட்டப்பெற்ற ஆட்டங்களையும், முடிவில் நேயர்களுக்கு விடப்பெற்ற புதிரையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வார். மாலையில் பையன் வீடு திரும்பியதும் தாயும் மகனுமாக அமர்ந்து அதை விடுவித்து விடையை அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். அப்பரிசை அச்சிறுவன் மேன்மேலும் வென்றுகொண்டே இருந்தமையால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளலாம், இனி விடை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சியை நடத்தியவர்களே கேட்டுக்கொண்டதாக ஆனந்த் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். அவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். பேராற்றல் புதிர்களால் மட்டும் விளைந்துவிடும் என்று எவரும் சொல்லமாட்டார். எனினும் சதுரங்கத்தில் தேர்ந்தவர் எவரை எடுத்துக்கொண்டாலும், இளமையில் ஆயிரக்கணக்கான புதிர்களோடு பழகியவராகவே அவரைக் காண்கிறோம்.

புதிய புதிர்களை விடுவிப்பதனால் நன்மை உண்டு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பயிற்சி முறைகளில் தேர்ந்த சிலர் இதனினும் விசித்திரமான ஒன்றைச் சொல்கிறார்கள்: ஒரு முறை விடுவித்த புதிர்களையே மறுபடியும் எடுத்து, முன்னினும் விரைவாக விடுவி, பின்னும் ஒரு முறை விடுவி, ஐந்தாம் முறை, ஆறாம் முறை, ஏழாம் முறையும் விடுவி என்கிறார்கள். விடை தெரிந்த பின் அது புதிரே அன்று; தெரிந்ததைத் திரும்பச் சொல்வது பாராயணம்; பாராயணத்தினால் சிந்தனாசக்தி எங்ஙனம் வளரும் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. இந்தக் கேள்வி நியாயமானது. அதற்குரிய பதில், சதுரங்க ஆட்டக்காரரின் மனம் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைப் பற்றி நூறாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியில் அடங்கியிருக்கிறது.

முதலில் புதிர் ஒன்றைப் பார்ப்போம். கறுப்பு ராஜா ஓரத்து மூலைக்கு அடுத்த கட்டத்தில் நிற்கிறது. அதன் முன்னே இரண்டு சிப்பாய்கள், திறவாத கதவுகளாய், மூலையையும் அடுத்த கட்டத்தையும் மறைத்து நிற்கின்றன. அதே கடைசி வரிசையில், ராஜாவுக்கு ஒரு கட்டம் விட்டு, கறுப்பு யானை இருக்கிறது. வெள்ளைக் குதிரை அருகில் வந்துவிட்டது. வெள்ளை ராணி தூரத்திலிருந்து மூலைவிட்டத்தின் வழியே செக் வைக்கிறது. யானையின் பக்கம் ஒதுங்கினால் ராணி வந்து அங்கேயே முடித்துவிடும். ஆகவே ராஜா மூலைக்குச் செல்கிறது. குதிரை பாய்ந்து செக் சொல்ல, ராஜா பழைய கட்டத்துக்கே திரும்புகிறது. குதிரை விலகும்போது குதிரையும் ராணியும் ஒருசேர இரட்டைச் செக் ஆகி, ராஜா மீண்டும் மூலைக்கு ஓடுகிறது. இப்பொழுது வெள்ளை, தன் காய்களிலெல்லாம் விலைமதிப்பு மிகுந்த ராணியை, ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே கொண்டுபோய் வைக்கிறது. குதிரையின் காவல் இருப்பதால் ராஜா அதை வெட்ட இயலாது. யானைதான் வெட்ட வேண்டும். வெட்டிய யானை அந்தக் கட்டத்திலேயே நின்று ராஜாவின் கடைசி வழியையும் அடைத்துவிடுகிறது. குதிரை திரும்ப ஒரு பாய்ச்சல், மேட். தன் படைகளாலேயே சூழப்பட்டு மூச்சுமுட்டி வீழும் இம்முடிவை ஆட்டக்காரர்கள் ஸ்மதர்ட் மேட் என்பார்கள். 1497-இல் ஸ்பெயின் தேசத்தில் அச்சேறிய லூசெனாவின் சதுரங்க நூலிலேயே இது காணப்படுகிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இதன் அழகு குன்றவில்லை.

இதை முதன்முதலாகச் சந்திக்கும் ஒருவர், எவ்வளவு புத்திசாலியாக இருப்பினும், நெடுநேரம் திகைப்பார். கணக்கு அவருக்கு விரோதமாக இருக்கிறது. ஒரு சராசரி நிலையில் ஆடக்கூடிய நகர்த்தல்கள் ஏறக்குறைய 30 என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கு எதிரி தரக்கூடிய பதில்களையும் சேர்த்து 900. இரு தரப்பாரும் மும்மூன்று முறை ஆடுவதற்குள் எண்ணிக்கை 72 கோடியைத் தாண்டிவிடுகிறது. இவற்றுள் ராணியைப் பலியிடும் கிளையை மனம் தானாக எடுத்துப் பார்க்காது. ராணியை இழப்பது பெருநஷ்டம் என்பதல்லவா அவர் கற்ற முதற்பாடம்! ஆனால் இதே அமைப்பைப் பல முறை கண்டு பழகியவருக்கோ, மூலையில் ராஜாவும் முன்னே சிப்பாய்களும் அருகே குதிரையும் இருக்கக் கண்ட மாத்திரத்தில், கணக்கெடுக்கத் தொடங்குவதற்கு முன்பே முடிவு புலப்பட்டுவிடுகிறது. அதன்பின் அவர் செய்ய வேண்டியது சரிபார்த்தல் ஒன்றே. முதல் முறை நடந்தது தேடல். பின்னர் நடப்பது அடையாளங் காணல். இவ்விரண்டும் ஒரே தொழிலின் மெதுவான வடிவமும் வேகமான வடிவமும் அல்ல; வெவ்வேறான மனத்தொழில்கள் என்பதையே ஆராய்ச்சிகள் உணர்த்துகின்றன.

இதைத் தெளிவாக முதலில் உணர்ந்தவர் அட்ரியான் டி க்ரூட் என்ற நெதர்லாந்து மனோதத்துவ அறிஞர். அவரே 1937, 1939-ஆம் ஆண்டுகளின் ஒலிம்பியாடுகளில் தம் தேசத்துக்காக ஆடிய சிறந்த ஆட்டக்காரர். 1938-இல் அவ்ரோ என்னும் வானொலி நிறுவனம் நடத்திய போட்டிக்காக உலகின் தலைசிறந்த எட்டு ஆட்டக்காரர்கள் நெதர்லாந்துக்கு வந்திருந்தனர்; அக்காலத்தில் அலேகின், கெரஸ், எயூவே போன்ற மகா ஆட்டக்காரர்களின் முன் தாம் தேர்ந்தெடுத்த நிலைகளை வைத்து, அவர்கள் சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, ஒரு சொல்லும் விடாமல் டி க்ரூட் எழுதிக்கொண்டார். சாதாரணக் கழக ஆட்டக்காரர்களிடமும் அதே பரீட்சையை நடத்தினார். மேதைகள் பத்து நகர்த்தல், பதினைந்து நகர்த்தல் முன்னோக்கிக் கணக்கிடுகிறார்கள் என்பது உலகத்தாரின் எண்ணமாக இருந்தது. ஆனால் 1946-இல் அவர் வெளியிட்ட நூலில் கண்ட முடிவோ வேறு: மேதைகள் அதிக ஆழத்துக்கோ அதிகக் கிளைகளுக்கோ செல்லவில்லை, மற்றவர் கால் மணி நேரம் உழன்றும் எண்ணிப் பாராத நல்ல நகர்த்தல் இவர்கள் வாயில் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அத்தோடு, பலகை நிலை ஒன்றைச் சில விநாடிகள் மட்டும் காட்டி மறைத்தபோது, மேதைகள் ஏறத்தாழ முழுவதையும் நினைவிலிருந்து அடுக்கிக் காட்டினார்கள்.

அப்படியாயின் அவர்களுக்குப் பிறவியிலேயே அபாரமான ஞாபகசக்தி அமைந்திருந்ததோ? 1925-இல் மாஸ்கோவில் கூடிய சதுரங்க மேதைகளை ரஷ்ய மனோதத்துவ அறிஞர்கள் சோதித்தபோதே, அவர்களுடைய ஞாபகத்தின் மேன்மை சதுரங்கப் பலகையோடு நின்றுவிடுவதைக் கண்டிருந்தனர். ஐயத்தை முற்றும் தீர்த்தது, அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் சேஸ், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் வெளியிட்ட பரிசோதனை. எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த இதைப் போன்ற பரிசோதனைகள் மனோதத்துவ சாஸ்திரத்தில் மிகச் சிலவே. உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்த, ஏறக்குறைய 25 காய்கள் நிற்கும் நிலைகளை ஐந்து விநாடி காட்டினார்கள். மாஸ்டர் தரத்தவர் சுமார் 16 காய்களையும், கழகத்து நல்ல ஆட்டக்காரர் சுமார் 8 காய்களையும், புதிதாகக் கற்றவர் சுமார் 4 காய்களையும் சரியான கட்டங்களில் வைத்தனர். பின்பு அதே அளவு காய்களைப் பலகையின் மேல் மனம்போனபடி சிதறவிட்டு, மீண்டும் ஐந்து விநாடி காட்டினார்கள். அப்பொழுது மாஸ்டரும் புதியவரும் சமமாகிவிட்டனர். எவராலும் மூன்று நான்கு காய்களுக்கு மேல் வைக்க இயலவில்லை.

மாஸ்டரின் ஞாபகசக்தி பெரிது என்றால், அது சிதறிய பலகையிலும் வேலை செய்திருக்க வேண்டும். செய்யாதது எதனால்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை ஒரு சொல்லில் ஐந்து எழுத்துக்களைக் காண்கிறது. படிக்கப் பழகியவர் ஒரு சொல்லைக் காண்கிறார். அவ்வெழுத்துக்களையே பொருளின்றிக் கலைத்துப் போட்டால் இருவரும் எழுத்தெழுத்தாகவே பார்க்க நேரும். மாஸ்டரும் 16 காய்களைத் தனித்தனியே நினைவிற் கொள்ளவில்லை. ராஜாவும் காவற் சிப்பாய்களும் யானையும் சேர்ந்தது ஓர் அமைப்பு, சிப்பாய்ச் சங்கிலியும் அதை எதிர்க்கும் குதிரையும் சேர்ந்தது ஓர் அமைப்பு என்று நான்கைந்து அமைப்புகளை நினைவிற் கொண்டார். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஏறக்குறைய ஐம்பதாயிரம் அமைப்புகளை மனத்திற் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்பது சைமன் முதலியோரின் மதிப்பீடு. 1996-இல் ஃபெர்னான்ட் கோபே என்பவர் சைமனுடன் சேர்ந்து இவ்வாராய்ச்சியைத் திருத்தி நோக்கியபோது, சிதறிய பலகையிலும் வல்லவருக்குச் சிறிதளவு மேன்மை உண்டென்று தெரியவந்தது. தற்செயலாய்ச் சிதறிய காய்களிடையேயும் ஓரிரு பழகிய அமைப்புகள் தலைகாட்டும் அல்லவா? அத்திருத்தம் மூலக் கருத்தை உறுதி செய்ததேயன்றிக் குலைக்கவில்லை.

கண்ணின் அசைவை அளக்கும் கருவிகள் வந்தபின் இன்னொரு விசேஷம் வெளிப்பட்டது. 2001-இல் ரெய்ன்கோல்ட், சார்னஸ் முதலியோர் நடத்திய ஆராய்ச்சியில், புதியவரின் பார்வை காய்களின் மேல் ஒவ்வொன்றாகத் தாவித் தாவி நிற்க, வல்லவரின் பார்வையோ புதியவரைவிட அதிகமாகக் காய்களுக்கு இடையிலுள்ள வெறுங்கட்டங்களில் நின்றது. ஒரே நோக்கில் இரண்டு மூன்று காய்களையும் அவற்றின் உறவையும் அவர்களால் பற்ற முடிகிறது. மனித முகங்களை அறிந்துகொள்வதில் சிறப்பாக ஈடுபடும் மூளைப் பகுதி ஒன்று, சதுரங்க நிலைகளைக் காணும்போது வல்லவரிடத்தில் புதியவரிடத்தைவிட அதிகமாகத் தொழிற்படுவதை 2011-இல் மெரிம் பிலாலிச் குழுவினர் ஜெர்மனியில் கண்டனர். தெரிந்தவர் முகத்தை மூக்கும் விழியுமாகப் பிரித்துக் கணக்கிட்டா அறிகிறோம்? அவ்வாறே வல்லவருக்கு நிலையும் முழுதாகத் தோன்றுகிறது. கணக்கிடும் ஆற்றல் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். எதைக் கணக்கிடுவது என்பதைக் கண் தேர்ந்து கொடுத்த பிறகே கணக்குக்குப் பயன் உண்டு. புதிர்ப் பயிற்சியால் நாம் வளர்ப்பது முதன்மையாக இந்தக் கண்ணையே.

இவ்வளவும் தெரிந்தபின், விடை தெரிந்த புதிரை ஏன் மீண்டும் விடுவிக்க வேண்டும் என்ற வினா பாதி கரைந்துவிடுகிறது. விடையை அறிந்துகொள்வது புதிரின் நோக்கம் அன்று; அந்த அமைப்பு மனத்தில் ஓர் உருவாகப் பதிவதே நோக்கம். அதற்கு ஒரு முறை போதாது. எத்தனை முறை வேண்டும், எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற வினாக்களை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறந்து, மறுபடியும் மனனம் செய்து, ஒவ்வொரு முறையும் பட்ட பாட்டை எண்ணிக் கணக்கிட்டு 1885-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் இன்றும் ஆராய்ச்சியாளரின் மரியாதைக்குரியது. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து ஓதியதனால் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பங்கிட்டு 38 முறை ஓதியதனாலேயே கிடைத்தது என்பது அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஒரே மூச்சில் முந்நூறு புதிர் போட்டுத் தள்ளும் மாணவர் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துத் தந்தி ஊழியர்களை 1897-லும் 1899-லும் ஆராய்ந்த பிரயன், ஹார்ட்டர் என்பவர்களின் கட்டுரைகளும் இங்கே நினைக்கத்தக்கன. புதிதாகத் தந்தி கற்பவர் ஓசைகளிலிருந்து முதலில் எழுத்துக்களைப் பிரித்தறிகிறார். பயிற்சி ஏற ஏறச் சொற்கள் முழுதாகக் கேட்கின்றன. தேர்ந்தவருக்குச் சொற்றொடர்களே ஒரே ஒலியாகக் கேட்கின்றன. ஆனால் இவ்வளர்ச்சி சீராக நிகழவில்லை. சில வாரங்கள் வேகமாக ஏறிய பின், எவ்வளவு முயன்றும் ஓர் அங்குலமும் முன்னேறாத காலம் ஒன்று வந்தது. அது கழிந்ததும் திடீரென்று மறுபடியும் ஏற்றம். வெளியில் ஒன்றும் நிகழாதது போன்ற அக்காலத்தில், கீழ்ப்படியிலுள்ள பழக்கங்கள் எண்ணமின்றியே நடக்கும்படி உறுதிப்பட்டுக்கொண்டிருந்தன என்பது அவர்கள் கருத்து. சதுரங்கத்தில் மாதக்கணக்காய்ப் புதிர் போட்டும் தரப்புள்ளி உயரவில்லையே என்று சோர்ந்து பயிற்சியைக் கைவிடுகிறவர்களை நினைக்கும்போதெல்லாம், இந்தத் தந்திக்காரர்களின் கதையை யாரேனும் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாகாதா என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

புதிர்களைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பச் செய்யும் முறைக்குப் பெருவழக்கு உண்டாக்கிய நூல்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்கரான மைக்கேல் டி லா மாஸா 2002-இல் வெளியிட்டது. வயது வந்தபின் தீவிரமாக ஆடத் தொடங்கியவர் அவர். ஆயிரம் புதிர்களை 64 நாட்களில் விடுவித்து, அதே ஆயிரத்தை 32 நாட்களிலும், பின்பு 16, 8, 4, 2 நாட்களிலும், ஏழாம் சுற்றில் ஒரே நாளிலும் முடிப்பது அவர் வகுத்த திட்டம். மொத்தம் 127 நாட்கள். நானூறு நாட்களில் தம் தரம் நானூறு புள்ளிக்கு மேல் உயர்ந்ததாக அவர் எழுதினார். அதைப் படித்த பலர் உற்சாகம் கொண்டனர், பலர் கடுமையாகக் கண்டித்தனர். ஒருவருடைய வெற்றி ஒரு முறைக்கு நிரூபணம் ஆகாது; அவர் உழைத்த உழைப்பின் அளவு எம்முறையில் செலவிடப்பட்டிருந்தாலும் ஓரளவு பலன் தந்தே இருக்கும். மற்றது, சுவீடன் தேசத்தவரான ஆக்ஸெல் ஸ்மித், ஹான்ஸ் டிக்கனன் இருவரும் 2018-இல் வெளியிட்ட, மரங்கொத்தியின் பெயரால் வழங்கும் பயிற்சி நூல். டிக்கனன் 2010-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிர்களை இவ்வாறு சுழற்சியாய்ப் பயின்று, அக்கோடையில் ஏழு வாரங்களுக்குள் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய மூன்று தகுதிகளையும் அடைந்தார். 1128 புதிர்கள் கொண்ட அந்நூல், முதற்சுற்றுக்கு நான்கு வாரமும் அடுத்தடுத்த சுற்றுக்கு முந்தியதிற் பாதியுமாகக் காலத்தைக் குறுக்கிக்கொண்டே போகச் சொல்கிறது.

இம்முறைகளில் எனக்கு ஓர் உடன்பாடும் ஒரு மறுப்பும் உண்டு. சுற்றுக்குச் சுற்று நேரம் குறைவதால், தேடிக் கண்டுபிடிக்கும் வசதி பறிக்கப்பட்டு, கண்டவுடன் அறியும் பழக்கத்துக்கு மனம் தள்ளப்படுகிறது. இது மிகவும் சரியே. ஆனால் அதே காரணத்தால் ஒரு புதிரை மறுபடி சந்திக்கும் இடைவெளியும் குறுகிக்கொண்டே போகிறது. நினைவைப் பற்றி எபிங்ஹாஸ் காலத்திலிருந்து கற்றதெல்லாம் இடைவெளி விரியவேண்டும் என்றல்லவா சொல்கிறது? கடைசிச் சுற்றின் வெற்றிக் களிப்போடு புத்தகத்தை மூடிவிடுகிறவர், ஆறு மாதத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுவார். ஆகவே சுற்றுகள் முடிந்தபின், ஒரு மாதம் கழித்தும், பின்பு ஆறு மாதம் கழித்தும், அதே தொகுதியை அமைதியாக ஒரு முறை பார்ப்பதையும் முறையின் அங்கமாகவே கொள்ளவேண்டும். அன்றியும், உத்தியோகமும் குடும்பமும் உடையவருக்கு ஆயிரம் புதிர் என்பது பொருந்தாத அளவு. முந்நூறு போதும், முந்நூறை முற்றாக உடைமையாக்கிக்கொள்வது, ஆயிரத்தை அரைகுறையாகத் தொட்டு வைப்பதைவிட மேலானது. ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் தொகுத்த 5334 புதிர்களும் ஆட்டங்களும் கொண்ட பெருநூலில், இரண்டே நகர்த்தலில் மேட் ஆகும் புதிர்கள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன. தம் மூன்று பெண்மக்களையும் சதுரங்கத்தின் சிகரத்துக்கு உயர்த்திய அம்மனிதர், கடினமானவற்றை அல்ல, எளியவற்றையே இவ்வளவு மிகுதியாக அடுக்கினார் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

புதிரை விடுவிக்கும் முறையிலும் பலர் வழுவுகிறார்கள். முதல் நகர்த்தல் தோன்றியவுடன் காயைத் தள்ளி, கணினி சரி என்றதும் அடுத்ததற்குப் போவது பயிற்சி ஆகாது. முதற்சுற்றிலேனும், காயைத் தொடாமல், எதிரியின் மிகச் சிறந்த தற்காப்பையும் சேர்த்து, முடிவு வரை மனக்கண்ணில் கண்ட பிறகே விடையைப் பார்க்கவேண்டும். முதல் முறை பட்ட சிரமமே பதிவின் ஆழத்தை நிர்ணயிக்கிறது. சிரமமின்றிப் பார்த்த விடை ஏழு முறை பார்த்தாலும் மேலோட்டமாகவே நிற்கும். பாராயணம் என்ற குற்றச்சாட்டு முதற்சுற்றில் உழைக்காதவருக்கு முற்றும் பொருந்தும், உழைத்தவருக்குப் பொருந்தாது. அடுத்த சுற்றுகளிலும், புத்தகத்தின் பக்கம் நினைவுக்கு வந்து விடை சொல்வது ஒன்று, நிலையின் காரணங்கள் தென்பட்டு விடை சொல்வது மற்றொன்று. புதிர்களின் வரிசையை மாற்றியும், பலகையைக் கறுப்பின் பக்கத்திலிருந்து நோக்கியும் இவ்விரண்டையும் எளிதிற் பிரித்தறியலாம்.

இனி, இப்பயிற்சியின் எல்லையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பிலாலிச், மெக்லியோட், கோபே மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாம் மேலே கண்ட ஸ்மதர்ட் மேட்டையே கண்ணியாக வைத்தார்கள். வல்ல ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைத் தந்து, மிகக் குறுகிய வழியில் வெல்லச் சொன்னார்கள். அதில் ஐந்து நகர்த்தலில் முடியும் பழகிய ஸ்மதர்ட் மேட் இருந்தது. மூன்றே நகர்த்தலில் முடியும், பழக்கமில்லாத வேறு வழியும் இருந்தது. பலர் முதல் வழியை உடனே கண்டனர். இதைவிடக் குறுகியது உண்டா என்று தேடச் சொன்னபோது, தேடியும் இல்லை என்றனர். அவர்கள் கண்ணின் அசைவைப் பதிந்த கருவியோ வேறொன்றைக் காட்டியது: புதிய வழியைத் தேடுவதாக மனமார நம்பிக்கொண்டிருந்த வேளையிலும், அவர்களுடைய பார்வை பழைய வழிக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காயை இடம் மாற்றி ஸ்மதர்ட் மேட் நடக்காதபடி செய்து அதே தரத்து ஆட்டக்காரர்களிடம் கொடுத்தபோது, குறுகிய வழியை அவர்கள் கண்டுகொண்டார்கள். அறியாமை அவர்கள் கண்ணை மறைக்கவில்லை, அறிவே மறைத்தது.

இதைக் கொண்டு பயிற்சியே தீது என்று முடிவுகட்டுவாரும் உளர். அது தவறு. அக்குழுவினர் நடத்திய பரிசோதனைகளிலேயே, தேர்ச்சி உயர உயர இக்குறை குறைந்துகொண்டே போயிற்று. கிராண்ட்மாஸ்டர் தரத்தவர் பழகிய வழியிலே தேங்கி நிற்காமல் குறுகியதைக் கண்டுவிட்டார்கள். பழக்கத்தின் சிறைக்கு மருந்து பழக்கத்தை விடுவதன்று. மேலும் பலவகை அமைப்புகளோடு பழகுவதே. இக்காரணத்தால் ஒரே வகைப் புதிர்களை ஒன்றாகத் தொகுத்த அதிகாரங்களைத் தொடக்கத்திற் பயன்படுத்தினாலும், விரைவில் அவற்றைக் கலந்துவிட வேண்டும். குதிரை ஒரே பாய்ச்சலில் ராஜாவையும் ராணியையும் தாக்கும் ஃபோர்க் மட்டுமே வரும் என்று தெரிந்த பக்கத்தில், கண் தேடுவது குதிரையை மட்டுமே. புதிருக்கும் ஆட்டத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமையும் இதுதான்: புதிரில் ஏதோ இருக்கிறது என்று முன்னரே சொல்லிவிடுகிறார்கள், ஆட்டத்தில் எவரும் சொல்வதில்லை. எனவே, தந்திரம் எதுவும் இல்லாத அமைதியான நிலைகளையும், தாக்குவதற்குப் பதில் தற்காத்துக்கொள்ள வேண்டிய நிலைகளையும் தொகுதியில் இடையிடையே சேர்ப்பது அவசியம். அவ்வாறு சேர்த்த தொகுதிகளே ஆட்டத்துக்கு நெருங்கியவை.

இறுதியாக, தவறிய புதிர்களைப் பற்றிச் சில சொற்கள். மூன்றாம் நான்காம் சுற்றிலும் ஒருவருக்குத் தவறிக்கொண்டே இருக்கும் புதிர்களைத் தனி ஏட்டில் எழுதி வைத்துப் பார்த்தால், அவை தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல என்பது விரைவில் புலனாகும். சிலருக்கு ராணியோ மந்திரியோ தூரத்திலிருந்து பின்னோக்கி வரும் நகர்த்தல் கண்ணிற் படுவதில்லை. முன்னேறுவதையே தாக்குதல் என்று மனம் கொண்டிருப்பது அதற்குக் காரணம். சிலருக்குச் செக்கும் வெட்டும் இல்லாத அமைதியான நகர்த்தல் தோன்றுவதில்லை. வெட்டிய காயைத் திருப்பி வெட்டுவதற்கு முன் இடையில் ஒரு செக் வைக்கலாம் என்பதைத் தவறவிடுகிறவர் மிகப் பலர். இந்த ஏட்டில் உள்ள முப்பது நாற்பது நிலைகள், அச்சிட்ட எந்த நூலும் தரமுடியாத பாடத்தை அவருக்குத் தருகின்றன. ஏனெனில் அவை அவருடைய கண் பழகாத இடங்களின் வரைபடம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விடையை எழுதாமல், எந்தக் காயை, எந்தக் கட்டத்தைத் தாம் பார்க்கவில்லை என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி வைத்து, மாதம் ஒரு முறை பலகையில் அடுக்கிப் பார்க்கவேண்டும். அவற்றுள் பாதியேனும் கண்டவுடன் புலப்படும் வரையில், அடுத்த புதிர்ப் புத்தகத்தை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.